தூறல் காலையில் அனுப்பிய எண்

கேட்காத ஓர் எண்ணைக் கேட்டதாக எழுதி அனுப்பினேன். அதற்கான பழியை என் மனைவியின் தம்பி சுமந்தார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் எனக்கு நானே சாக்குத் தேடத் தொடங்கிவிடுவேன்.

அந்தக் காலையை நினைத்தால் மச்சானின் ஆன்டெனாதான் கண்முன் வருகிறது. கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையில் அவர் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் சாய்ந்திருக்கும். பிளாஸ்டிக் குழாயின் குறுக்கே இரும்பு இஞ்சுடேப்பை வெட்டிப் பொருத்தி அவரே செய்தது. அதைத் தூக்கிக்கொண்டு அவர் நிற்கும்போது எதிர்வீட்டுக்காரர் கேட்பார்: “இன்னா மச்சி, வானத்த அளக்கிறியா?” இவர் திரும்பாமலே, “அளந்து பட்டா போட்டுத் தரேன், வாங்கிக்கிறியா?” என்பார்.

மச்சான் அமெச்சூர் ரேடியோ உரிமம் பெற்றவர். கல்லூரி மாணவர்கள் செய்து அனுப்பிய சின்னஞ்சிறு செயற்கைக்கோள்கள் தலைக்கு மேல் கடந்துபோகும். போகிறபோது தங்கள் நிலையை, அதாவது பேட்டரியின் வோல்ட், உள்ளிருக்கும் வெப்பம் போன்றவற்றை, மோர்ஸ் ஒலியில் சொல்லிக்கொண்டே போகும். அதைக் கேட்டு எழுதி அந்த மாணவர்களுக்கு அனுப்புவது அவருடைய பொழுதுபோக்கு. இப்படிக் கேட்பவர்களுக்கு இணையத்தில் ஒரு குழு உண்டு. அங்கே யாருக்கும் முகம் கிடையாது. உரிமத்தோடு தரப்படும் அழைப்புக்குறி ஒன்றுதான். அதன் பெயரில் வரும் எண்ணை நம்பலாம் என்றால் அவர் மனிதர்.

செயற்கைக்கோள் விடியற்காலையில் கடக்கும் சுற்று அவருக்குக் கிடைக்காது. அந்த நேரத்தில் பெங்களூர் போகும் மாரிகுப்பம் ரயிலில் நின்றுகொண்டிருப்பார். நான் ஓய்வுபெற்றவன், அதே தெருவில் இருப்பவன். “சுரங்கத்துல கேஜ் மணிய எண்ணின காதுதானே மாமா, உங்களுக்கு மோர்ஸ் இன்னா கஷ்டம்?” என்று சொல்லி மாடிச் சாவியைக் கொடுத்தார். சில மாதங்கள் ஒழுங்காகவே கேட்டேன். நான் எழுதியதெல்லாம் அவருடைய அழைப்புக்குறியில் போயிற்று.

நான் சுரங்கத்தில் காற்றோட்டப் பிரிவில் இருந்தவன். பூமிக்கடியில் ஒவ்வொரு லெவலிலும் இறங்கி வெப்பம் அளந்து எழுத வேண்டும். ஆளை இறக்கும் கேஜ் கிடைக்காத நாளில் மேலேயே உட்கார்ந்து, முந்தின நாள் எண்ணைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து எழுதிவிடுவோம். அதற்கு எங்களுக்குள் ‘ஆபீஸ் லெவல்’ என்று பெயர். அதைச் சொல்லிச் சிரித்துக்கொள்வோம். பாறை ஒரே இரவில் சூடேறாது என்பதால் எங்கள் பொய் ஒருநாளும் பிடிபடவில்லை. பிடிபடாததாலேயே அதைப் பொய் என்று நான் நினைக்கவும் இல்லை.

ஒரு மழைக்காலத்தில், மச்சான் கவனித்துவந்த செயற்கைக்கோளின் மாணவர்களுக்கு மின்னலில் ரிசீவர் எரிந்துபோயிற்று. அவர்களால் கட்டளை அனுப்ப முடிந்தது, பதிலைக் கேட்க முடியவில்லை. செயற்கைக்கோள் பூமியின் நிழலைவிட்டு வெளியே வரும் விடியற்காலையில் பேட்டரி எவ்வளவு என்று சொன்னால், அன்றைக்குக் கேமராவை இயக்கலாமா என்று முடிவு செய்வோம் எனக் குழுவிடம் கேட்டிருந்தார்கள். அன்று தூறல். காபியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தேன். மாடிப்படி வழுக்கும் என்று தோன்றியது. முந்தின இரண்டு நாளும் ஏழு புள்ளி எட்டு வோல்ட். ஏழு புள்ளி ஏழு என்று எழுதி அனுப்பினேன். அந்த ஒரு புள்ளியைக் குறைத்ததில் எனக்குத் திருப்திகூட இருந்தது.

மதியம் கேமராவை இயக்கினார்கள். அதன் பிறகு அந்தச் செயற்கைக்கோள் யாருக்கும் பேசவில்லை. அதே சுற்றை யாழ்ப்பாணத்தில் கேட்ட ஒருவருடைய அறிக்கை மாலையில்தான் வந்து சேர்ந்தது. அதில் ஆறு புள்ளி ஒன்பது என்று இருந்தது, கேமராவைத் தாங்காத அளவு. மாணவர்கள் மரியாதையாகவே ஒலிப்பதிவு இருக்கிறதா என்று மச்சானைக் கேட்டார்கள்.

“ரெக்கார்டிங் இருக்குதா மாமா?”

“இல்ல மச்சான். உங்க கேபிள் லூசா இருந்தது. அதான் தப்பா கேட்டிருக்கும்.”

அவர் மாடிக்குப் போய்க் கேபிளைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு ‘என் கேபிளில் கோளாறு, மன்னிக்கவும்’ என்று குழுவுக்கு எழுதினார். உடனே ஒருவர் பதில் எழுதினார்: கேபிள் போனால் ஒலி மங்கும், எண் மாறாது. இன்னொருவர், தங்கவயல்காரர் வெறும் காற்றிலிருந்தும் எண்ணைத் தோண்டி எடுப்பார்போல என்று கேலி செய்தார். மச்சான் குழுவைவிட்டு விலகினார். அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போகும் வழியில் பார்த்தேன். மாடியில் ஆன்டெனா இல்லை.

மூன்று வருடம் ஒரே மேசையில் கிறிஸ்துமஸ் விருந்து சாப்பிட்டோம். நான் வாய் திறக்கவில்லை. போன வருடம் மார்பு வலி வந்து கோலார் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். அப்போது, சொல்லாமல் போய்விடுவேனோ என்ற பயம் வலியைவிடப் பெரிதாக இருந்தது. வீடு திரும்பியதும் மாணவர்களுக்கும் குழுவுக்கும் நடந்ததை என் பெயர் போட்டு எழுதிவிட்டு, மச்சானிடம் போய்ச் சொன்னேன்.

“அன்னிக்கே தெரியும் மாமா,” என்றார். “கேபிள் போனா நம்பர் மாறாதுன்னு எனக்குத் தெரியாதா? அக்கா புருஷன் பொய்யருன்னு ஊரெல்லாம் எழுதச் சொல்றீங்களா?” எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். “கேக்கலன்னு அனுப்பியிருந்தா முடிஞ்சிருக்கும். அதுக்கு யாரும் கோச்சிக்க மாட்டாங்க.”

என் கடிதத்துக்குப் பலன் இருந்தது. கேலி செய்தவர் மச்சானிடம் மன்னிப்புக் கேட்டார். மாணவர்கள் எனக்கு நன்றி சொல்லி ஒரு முடிவையும் தெரிவித்தார்கள். அந்த அழைப்புக்குறியில் வந்த எண்களில் எது அவர் கேட்டது, எது நான் எழுதியது என்று பிரிக்க வழியில்லாததால், அத்தனையையும் நீக்கிவிட்டார்களாம். ரயிலில் நின்று களைத்து வந்த பிறகும் அவர் மாடியேறிக் கேட்ட எண்களும் அதோடு போயின. அவர் பெயரைத் திருப்பிக் கொடுக்கப் போய், அவர் உழைப்பை அழித்திருந்தேன்.

அந்த வருட மழை விட்ட பிறகு மச்சான் மாடியில் புது ஆன்டெனா வந்தது. அவர் மறுபடியும் குழுவில் சேர்ந்தார், அவருடைய அறிக்கைகளை நானும் படிக்கிறேன். இரவுச் சுற்றுகளுக்கு நேரே எண்கள் இருக்கின்றன. வாரநாள் விடியற்காலைகளுக்கு நேரே ‘கேட்கவில்லை’ என்று இருக்கிறது. அந்த நேரத்தில் நான் விழித்துத்தான் இருக்கிறேன், நான்கு வீடு தள்ளி. சாவி கேட்டு நான் போகவில்லை. அவரும் கொடுக்கவில்லை.