நீல நோட்டுடன் கேமரன் மலைக்கு

கேமரன் மலைக்குப் பஸ்ஸில் போவது எப்படி என்று வாசகர்கள் சிலர் கேட்டிருக்கிறீர்கள். நான் முதன்முதலில் போனது 1983 டிசம்பரில். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல, மன்னிப்புக் கேட்க. அந்தக் கதையையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

எங்கள் தாதியர் பள்ளியில் ஒரு வழக்கம். படிப்பு முடித்த எங்கள் பதினான்கு பேருக்கும் பொதுவாக ஒரு நீல நோட்டு. ஒருத்தி தன் சேதியையும், பள்ளிக்கு என்ன கொடுக்கப்போகிறாள் என்பதையும் எழுதி, இரண்டு வாரத்துக்குள் அடுத்தவளுக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். கடைசியில் நோட்டு பள்ளிக்குப் போகும். பழைய சீருடை, பாடநூல், நாடி பார்க்க வினாடி முள் உள்ள கைக்கடிகாரம் எல்லாம் புதுப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் போய்ச் சேர்ந்தன. தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்காகப் பழைய மாணவிகள் இருவர் நோட்டில் கையெழுத்துப் போட்டால், பள்ளி அவளை நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டுவிடும்.

அந்த வருடம் நோட்டு வந்தபோது நான் வீடு மாறிக்கொண்டிருந்தேன். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று டிரங்குப் பெட்டியில் போட்டவள்தான். எட்டு மாதம்! மற்றவர்களோ, வேறு யாரிடமோ இருக்கிறது என்று நினைத்துக் கேட்காமல் விட்டார்கள். போர்வை தேடிப் பெட்டியைத் திறந்தபோதுதான் படித்தேன். எனக்கு முன் எழுதியவள் சரோஜா, கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் கிளினிக்கில் தாதி. கொழுந்து பறிக்கும் இந்திராணி என்ற பெண்ணுக்குத் தான் கையெழுத்துப் போட்டுவிட்டதாகவும், நானும் போட்டு உடனே அனுப்பும்படியும் எழுதியிருந்தாள். வயது வரம்புக்குள் அதுதான் அவளுக்குக் கடைசி வருடம். சேர்க்கை முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. பாவி நான், வேறென்ன சொல்ல.

நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஈப்போவில் காலை ஆறரைக்குப் பஸ் ஏறினேன். மலையடிவாரத்துத் தாப்பா அறுபது கிலோமீட்டர். அங்கே எட்டேகாலுக்கு மலை பஸ். மலை மேலுள்ள தானா ராத்தாவுக்கு மூன்று வெள்ளி ஐம்பது காசு, இன்னும் ஓர் அறுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். அந்த வளைவுகளில் முன்சீட்டுக் கம்பியை நான் விடவே இல்லை. தானா ராத்தாவில் டாக்சிக்காரர், தோட்டம் ஆறு கட்டை, அதாவது ஆறு மைல், எட்டு வெள்ளி என்றார். கிளினிக்குக்கு மருந்து வாங்கவா, வேலைக்கா என்று வழியில் கேட்டார். தோழியைப் பார்க்க என்றேன்.

சரோஜா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இந்திராணி கொழுந்தை நிறுக்க இறங்கி வரும் நேரம்தான் என்று வாசலில் நாற்காலி போட்டாள். தன் பழைய கடிகாரத்தை முன்கூட்டியே கொடுத்து, நாடி பார்க்கவும் பழக்கியிருந்தாளாம். தொழிலாளர்களின் லைன் வீடுகளில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் ஓடுவது இந்திராணிதானாம்.

பன்னிரண்டு மணிக்குக் கூடையை இறக்கிவிட்டு அவள் வந்தாள். நான் யாரென்று சரோஜா சொன்னாள். எழுந்து மன்னிப்புக் கேட்டேன். பாதியிலேயே தலை சுற்றியது. இந்திராணி கையைத் துடைத்துக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்கும் என் குறுக்கு வழியெல்லாம் அவளிடம் இல்லை. முழு நிமிடமும் எண்ணினாள்.

"நூத்தி நாலு, சிஸ்டர். உக்காருங்க. வெறும் வயித்தோடயா பஸ் ஏறுனீங்க?"

பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அவளுக்கில்லை. நான் கிளம்பும்போது கடிகாரத்தைக் கழற்றி என் கையில் வைத்தாள்.

"இத ஸ்கூல்ல குடுத்துருங்க. அடுத்து வர்ற பிள்ளைக்கு வேணும்லா. நோட்டு மாதிரி பெட்டில போட்டுறாதீங்க, சிஸ்டர்."

போகிறவர்களுக்கு: பஸ்ஸில் முன்னிருக்கை பிடியுங்கள். ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள், புளிப்பு மிட்டாய் கைவசம் இருக்கட்டும். டிசம்பரில் பிற்பகல் மழை நிச்சயம், தோட்டத்தைக் காலையிலேயே பாருங்கள். நான் சொன்ன கட்டணமெல்லாம் அந்தக் காலத்தது, விசாரித்துக்கொள்ளுங்கள். யாராவது அனுப்பியது படிக்காமல் கிடந்தால், பையை மூடுவதற்குள் படித்துவிடுங்கள்.

மறுநாளே நோட்டைத் தபாலில் சேர்த்தேன். கடிகாரத்தை நானே பள்ளிக்குக் கொண்டுபோனேன். ஆசிரியை வழக்கம்போல, யார் கொடுத்தது, எந்த பேட்ச் என்று கேட்டார்.

இந்திராணி என்றேன். அவளுக்கு பேட்ச் என்று ஒன்று இல்லாமல் போனது என்னால்தான்.