விலாசினி கேட்ட இன்னொரு பேர்

குன்னத்துகாலில் விலாசினியின் பொடிமில்லுக்கு அரிசி கொண்டு வருகிறவர்கள் முதலில் அகிலேஷைத்தான் பார்ப்பார்கள். இருபத்துமூன்று வயது. மோட்டார் இருக்கும் சுவரில் முதுகை ஒட்டிக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பான். மில் ஓடினால் சுவர் அதிரும். அந்த அதிர்வில் அவன் அடங்கியிருப்பான். அதைக் கண்டுபிடித்த பிறகுதான் விலாசினி தையலை விட்டுவிட்டு இந்த மில்லை வாடகைக்கு எடுத்தாள். கணவன் பரமசிவன் லாரியோடு போனால் வாரம் கழித்துத்தான் வருவான். மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்ய வேறு தொழில் அவளுக்குத் தெரியவில்லை. மிளகாய் வத்தல் பொடிக்கிற நாட்களில் மட்டும் முடியாது. காரம் மூக்கில் ஏறினால் அவன் தன் கையைக் கடிப்பான். ரத்தம் வந்தாலும் விடமாட்டான்.

அவனுக்கு டாக்டர்கள் வைத்த பேர்கள் பல. மூன்று வயதில் மந்தபுத்தி என்றார் ஒருவர். ஏழு வயதில் இன்னொருவர், அது இல்லை, ஆட்டிசம் என்றார். மீசை முளைத்த காலத்தில் பார்த்த டாக்டரம்மா, இப்போதெல்லாம் ஸ்பெக்ட்ரம் என்றுதான் சொல்ல வேண்டும், வானவில் மாதிரி, பல நிறம் உண்டு என்றாள். என் மகன் எந்த நிறம் என்று விலாசினி கேட்டாள். டாக்டரம்மா சிரித்தாள். அன்றைக்கு அவனுக்கு நனைந்த பேன்ட்டை மாற்ற ஆஸ்பத்திரி முழுக்க மறைவிடம் தேடி அலைந்ததுதான் விலாசினிக்கு நினைவில் நிற்கிறது.

பாறசாலையில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பகல் மையம் தொடங்கியது அவளும் இன்னும் மூன்று அம்மாக்களும்தான். பேசத் தெரியாத நாலு பிள்ளைகள், கூட்டிப்போக ஒரு வேன். வத்தல் பொடிக்கிற நாட்களில் அகிலேஷ் அதில் ஏறிப் போய்விடுவான். பிறகு பேசுகிற, படிக்கிற பிள்ளைகளும் வந்தார்கள். கூட்டம் பெருகியது. வங்கி அதிகாரி சுனில்குமார் கமிட்டிக்குத் தலைவரானார். அவர் மகள் தாரா கணக்கில் கெட்டி. சத்தம் கேட்டால் அலறுகிறாள் என்று பள்ளிக்கூடத்தில் வேண்டாம் என்றுவிட்டார்கள், அதனால் மையத்தில் இருந்தே பரீட்சைக்குப் படிக்கிறாள்.

இந்த ஏப்ரலில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் பேசக் கிருஷ்ணகுமார் வந்தார். நெய்யாற்றின்கரைக்காரர், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. தனக்கு ஆட்டிசம் உண்டென்று முப்பத்தெட்டு வயதில் தெரிந்துகொண்டவர். மைக்கைப் பிடித்து, “நமக்கு நோய் ஒண்ணும் இல்ல. நாம வேற மாதிரி யோசிக்கிய ஆளுக, அவ்வளவுதான். நம்மளப் பாத்து யாரும் அழாண்டாம்” என்றார்.

விலாசினி எழுந்தாள். “சாரே, இந்த ‘நாம’ல எனக்க மோனும் உண்டா?”

“உண்டு அக்கா.”

“ஒங்களுக்குக் கல்யாணம் ஆச்சா?”

“ஆச்சு.”

“பெண்டாட்டியா ஒங்களுக்குக் குண்டி கழுவி விடுதது?”

அரங்கில் சிரிப்பு எழுந்தது. அவள் சிரிக்கவில்லை. “இவனுக்கு நானாக்கும் கழுவி விடுதேன். ஒங்களுக்கு உள்ளது ஆட்டிசம்னா இவனுக்கு வேற பேரு வைங்க. ரெண்டையும் ஒரே சாக்குல கெட்டாதிய.”

கிருஷ்ணகுமார் மைக்கை வைத்துவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனார். எல்லாரும் கைதட்டினார்கள். அதிகம் தட்டியவர் சுனில்குமார். இத்தனை வருஷத்தில் தன் பேச்சுக்கு யாரும் தட்டியதில்லை என்று நினைத்தபடியே விலாசினி வீட்டுக்குப் போனாள்.

மே கடைசியில் சுனில்குமார் அவளை மையத்துக்கு அழைத்து உட்காரச் சொன்னார்.

“அக்கா, நீங்க அண்ணைக்குச் சொன்னத கமிட்டி நல்லா ஆலோசிச்சுது. வெளிநாட்டுலயும் இப்ப அப்படித்தான் பேசுதாங்க. அகிலேஷ மாதிரி உள்ளவங்களுக்குப் ‘புரொஃபவுண்ட்’னு, ரொம்பக் கடுமையானதுன்னு, தனியா ஒரு பேரு.”

“செரி.”

“அப்போ அவனுக்கு வேண்டியதும் வேறயில்லியா? நம்ம சென்டர் அவனுக்குப் பத்தாது. ஜூன்ல இருந்து அந்த நாலு பேருக்கும் வேற எடம் பாக்கணும்.”

“எங்கின உண்டு வேற எடம்?”

“பாக்கணும்” என்றார் மறுபடியும். “நாங்களா ஒதுக்கல அக்கா. நீங்க கேட்டதத்தான் செய்யுதோம்.”

விலாசினிக்கு அப்போதுதான் அந்தக் கைதட்டல் விளங்கியது. ஆட்டிசம் என்று சொன்னதும் ஊர்க்காரன் கண்ணில் கையைக் கடிக்கும் அகிலேஷ்தான் வந்து நிற்கிறான். பேசுகிற பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு அந்த முகம் வேண்டாம். அவனை வெட்டிவிட அவர்களுக்கு அவள் வாயே கிடைத்திருக்கிறது. அன்று ராத்திரி சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். தட்டைத் தூக்கி எறிந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகுமார், காதில் பெரிய ஹெட்போன் மாட்டிக்கொண்டு மில்லுக்கே வந்து ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்தார். அவள் மோட்டாரை நிறுத்தவில்லை.

“இது தப்புன்னு கமிட்டிக்கு எழுதினேன் அக்கா. கேக்கல.”

“எழுதி என்ன? தொடங்கினது நீங்கதானே.”

“நான் ‘நாம’னு சொன்னது தப்பு. அகிலேஷுக்க காரியம் எனக்குத் தெரியாது. ஆனா அவன வெளிய தள்ளணும்னு நான் சொல்லல.”

“பின்ன நானா சொன்னேன்?”

வேறு யாரும் அந்த இடத்தில் பேச்சை மாற்றியிருப்பார்கள். அவருக்கு அது தெரியவில்லை. “சொன்னிய. வேற பேரு வைங்கன்னு நீங்கதான் சொன்னிய.”

கையிலிருந்த மாவு சலிக்கும் அரிப்பை அவர் மேல் வீசலாமா என்று அவளுக்குத் தோன்றியது. “எழும்பிப் போங்க சாரே.” அவர் எழும்பிப் போனார்.

அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் இத்தனை எரிந்திருக்காது. ஆனாலும் அவள் எண்ணம் மாறவில்லை. அந்த சாரும் அகிலேஷும் ஒன்றில்லை. இருவரையும் ஒரே பேரால் கூப்பிட அவளுக்கு இன்றும் சம்மதமில்லை. பேரை மாற்றக் கேட்டால் வேனை நிறுத்துவார்கள் என்று யார் கண்டது?

ஜூன் முதல் திங்கள். வேன் வரவில்லை. மூன்று சாக்கு வத்தல் காத்துக் கிடந்தது. விலாசினி மில்லைப் பூட்டினாள், மகனோடு ஆட்டோ பிடித்தாள், நேரே மையத்துக்குள் நுழைந்து முன்னறையில் ஒரு நாற்காலியில் அவனை உட்கார்த்தினாள். டீச்சர் பிரசீதா ஓடி வந்தாள்.

“சேச்சி, சாரு சொல்லியிருக்காரு...”

“சாரையே கூப்பிடு.”

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. தாராவைக் கொண்டுவிடச் சுனில்குமார் அப்போதுதான் படியேறினார். “என்ன அக்கா இது? நீங்கதானே அண்ணைக்கு...”

“நான்தான் சொன்னேன். இப்பவும் சொல்லுதேன், இவன் வேறதான். அதுக்கு? எனக்க வீட்டுல நானும் பரமசிவனும் கூட வேறதான். அவர நான் தெருவுலயா படுக்க வைக்கேன்?”

“அப்பா, அது எனக்க கசேரி” என்றாள் தாரா.

“பாத்தியளா? மத்த பிள்ளைகளுக்கு இடைஞ்சல்.”

“எனக்க கசேரி. அவன் அடுத்ததுல இருக்கட்டு.”

விலாசினி மகனைக் கைபிடித்து எழுப்பி அடுத்த நாற்காலிக்கு மாற்றினாள். தாரா தன் இடத்தில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தாள். அகிலேஷ் தொண்டைக்குள் தன் ஒற்றை ஓசையைத் தொடங்கினான். தாரா முகம் சுளித்தாள், இரண்டு காதிலும் விரலைத் திணித்தாள், முழங்கையால் பக்கத்தைப் புரட்டினாள். சுனில்குமார் மகளைப் பார்த்தபடி நின்றார்.

மாற்றுத்துணிப் பையைப் பிரசீதாவின் கையில் கொடுத்துவிட்டு விலாசினி அவர் பக்கம் திரும்பினாள். “மூணு மணிக்கு வாறேன். அதுக்கு முன்ன இவன ரோட்டுல கொண்டு நிறுத்தினிய, நாளைக்கு மத்த மூணு பிள்ளைகளயும் அம்மைமாரயும் கூட்டிட்டு வருவேன். எல்லாரும் இங்கினதான் இருப்போம்.”

“அக்கா, நில்லுங்க.”

அவள் நிற்கவில்லை. கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தாள். பஸ் வந்தது, ஏறினாள். மையம் ஜன்னல் பக்கம்தான் இருந்தது. வாசலில் யாராவது அவனைக் கூட்டி வருகிறார்களா என்று பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. முன் சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, கண்டக்டர் வரும்வரை, வாய்க்குள்ளேயே சுனில்குமாரைத் திட்டிக்கொண்டிருந்தாள்.