பத்மாசனி பிள்ளை பெற்ற ஊர்

இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் எங்கள் குடியேற்றத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறாம் ஆண்டு மார்கழி வரை ஒரு பிள்ளையும் பிறந்ததில்லை. பிள்ளைகள் இல்லாமலில்லை, வாய்க்கால் நிறைய நீந்திக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் வயிற்றுப்பிள்ளைக்காரிகளை ஏழாம் மாதமே ரயிலேற்றி யாழ்ப்பாணத்துத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். தலைப்பிள்ளைக்கு மட்டும் உள்ள வழக்கத்தை எல்லாப் பிள்ளைக்கும் நீட்டி வைத்திருந்தோம். சாகக்கிடப்பவர்களும் அப்படித்தான் போவார்கள். காட்டை வெட்டினோம், வயலாக்கினோம், வீடு கட்டினோம். பிறக்கவும் சாகவும் மட்டும் இந்த மண்ணை நம்பவில்லை. அதில் பிழையிருப்பதாக ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியது என் பக்கத்துக் காணிக்காரி பத்மாசனிக்குத்தான். அவளைப் பற்றி எழுதும்போது எனக்குப் பெருமை கொஞ்சம் கூடிப்போகும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்துச் சுழிபுரத்தில் பிறந்தவள். கலியாணம் முடித்த கையோடு புருசன் தில்லைநாதனுடன் இங்கே வந்தாள். முதல் வருடமே மலேரியாக் காய்ச்சல் அவளைப் போட்டு ஆட்டியது. போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து பாலைமர வேர்களைப் பிடுங்கியவளை என் கண்ணால் கண்டேன். போய்ப் படு பிள்ளை என்றால், படுத்தால் வேர் தானாக எழும்பி வருமோ என்று கேட்பாள். தில்லைநாதன் நல்ல மனிதன். மழை வருமா என்று கேட்டாலும் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வான்.

சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்த அந்த வருடம், ஆவணியில், கிளிநொச்சியில் ஒரு கூட்டம் நடந்தது. நாங்கள் எல்லாரும் வண்டில் கட்டிக்கொண்டு போனோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பேச்சாளர் இந்த மண் ஆருடையது என்று கேட்டார். எங்கள் மண் என்று தொண்டை கிழியக் கத்தினோம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, அது நடிப்பில்லை.

கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது அவர் ஒவ்வொருவராகத் தோளில் தட்டி எந்த ஊர் என்று விசாரித்தார். நான் அளவெட்டி என்றேன். எனக்கடுத்தவர் கரவெட்டி என்றார். தில்லைநாதன் சுழிபுரம் என்றான். சைக்கிளில் புடவை மூட்டை கட்டி எங்கள் பக்கம் விற்க வரும் பக்கீர் மட்டும் தனக்கு முல்லைத்தீவு, தன் வாப்பா பிறந்ததும் அங்கேதான் என்று சொன்னார். அவ்வளவு கூட்டத்தில் யாழ்ப்பாணத்து ஊரொன்றைச் சொல்லாமல், நாங்கள் நின்ற இந்த வன்னியைத் தன் ஊரென்று சொன்னவர் அவர் ஒருவர்தான். ஐந்து மாத வயிற்றோடு ஒதுங்கி நின்ற பத்மாசனி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் எங்களைப் பிடித்துக்கொண்டாள். கத்தும்போது எங்கள் மண், கேட்டால் சுழிபுரமோ என்று சிரித்தாள். பரம்பரை இருந்த இடம்தானே ஊர் என்று நான் சமாளித்தேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"சுழிபுரத்திலை எனக்கு அம்மா வீடும் கோயிலடியும் கிடக்கு. அந்த நினைப்பை ஆரும் பறிக்கேலாது. ஆனால் நான் காய்ச்சலோடை பிடுங்கின வேரெல்லாம் இஞ்சைதான் கிடந்தது, அண்ணை. என்ரை பிள்ளையை எந்த ஊர் எண்டு கேட்டால் அது இந்த இடத்தைத்தான் சொல்லவேணும். நான் இஞ்சைதான் பெறப்போறன்."

தில்லைநாதன் அன்றைக்கு மனைவியின் முகத்தைப் பார்க்காமல் மாட்டின் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏழாம் மாதம் தாய் சிவனேஸ்வரி மகளைக் கூட்டிப்போக வந்தார். புருசனை இழந்து, ஒற்றை மகளை வளர்த்து ஆளாக்கிய மனுசி. வீட்டுக்கு இருந்த நல்ல பெயர்தான் அவருடைய சொத்து. தலைப்பிள்ளைக்கு மகளைக் கூப்பிட வக்கில்லாத வீடென்று ஊர் சொன்னால் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பேன் என்று அழுதார். பத்மாசனியும் அழுதாள்; ஆனால் அசையவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு இருவர் மேலும் இரக்கம் வந்தது. யார் சொன்னதும் பிழையில்லையே.

மகளை விட்டுப் போகவும் தாய்க்கு மனம் வரவில்லை. தங்கிவிட்டார். ஆனால் மகளோடு கதையில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் முற்றத்துக் கோழிக்குச் சொல்வார். சில பேருக்குக் கஞ்சி வைத்திருக்கிறேன், ஆற முன்னம் குடிக்கச் சொல்லு என்பார். கோழி அது பாட்டுக்குக் கிளறும். பத்மாசனி கஞ்சியைக் குடிப்பாள்.

மார்கழி மழையில் ஒரு மத்தியானம் பத்மாசனிக்குப் பிரசவ நோக் கண்டது. கிளிநொச்சி வீதியை வெள்ளம் மூடிவிட்டது. சொல்லி வைத்த மருத்துவிச்சியால் வர முடியவில்லை. சிவனேஸ்வரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனார். எங்கள் வாய்க்கால்கரை வீட்டுப் பெண்கள் எல்லாரும் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார்கள். ஆண்கள் நாங்கள் ஒன்றுக்கும் உதவாமல் மாட்டுக்கொட்டிலில் நின்றோம். இந்தப் பிடிவாதத்துக்கு ஏதும் நடந்தால் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. பொழுதுபடுவதற்கு முன் குழந்தை அழுதது. பெண்பிள்ளை. நானும் அழுதேன், வெட்கமில்லாமல்.

பிள்ளைபெற்ற தீட்டைக் கழிக்கும் துடக்குக் கழிவுக்கு எங்கள் குடியேற்றமே சமைத்தது. சுழிபுரத்திலிருந்து இராசமலர் வந்தார், சிவனேஸ்வரியின் புருசனுடைய தங்கை. ஊர் என்ன சொல்லுமோ என்று சிவனேஸ்வரி பயந்தாரே, அந்த ஊருக்கு வாய் இந்த மனுசிதான். மண்சுவரைப் பார்த்தார், கிடுகுக் கூரையைப் பார்த்தார், சாப்பிட்டுக் கை கழுவினார். பிறகு இத்தனை பேருக்கும் கேட்கும்படி, நடந்தது நடந்துபோச்சு மச்சாள், பிள்ளையை எப்ப ஊருக்குக் கொண்டு வாறியள் என்று கேட்டார்.

பத்மாசனி தாயையே பார்த்தாள். மகளோடு நேரே கதைக்கத் தொடங்கியிருந்தாலும், இங்கே பெற்றது சரியென்று அந்தத் தாய் இன்னும் ஒரு சொல் சொல்லவில்லை. சிவனேஸ்வரி மடியில் கிடந்த குழந்தையை எடுத்துத் தோளில் சாய்த்தார்.

"என்ரை பேத்தி அவளின்ரை ஊரிலைதான் இருக்கிறாள், மச்சாள். ஊருக்குப் போகவேண்டினது நாங்கள் ரெண்டு பேரும்தான்."