நீச்சல் தடாகத்துடன் ஒரு வீடு

ஜெர்மனியின் வுப்பர்டால் நகர மலைச்சரிவில் நீச்சல் தடாகத்துடன் ஒரு வீடு விலைக்கு வந்தது. மாசி மாதக் குளிரில் நானும் கணவரும் பார்க்கப் போனோம். விற்பவர் யாழ்ப்பாணத்தவர். அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருந்தார். நெடிய, மெலிந்த மனிதர். வீட்டுக்குள்ளும் கம்பளித் தொப்பியைக் கழற்றவில்லை. எந்த அறையில் நின்று பேசினாலும், தோட்டத்துக்கு முதுகைக் காட்டவேயில்லை.

வெளியே பனி எல்லாவற்றையும் சமமாக மூடியிருந்தது. நான் நடக்கத் தொடங்கியதும் அவர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

“அங்கால நிலமில்லை, தங்கச்சி. மேல மெல்லிய ஐஸ், கீழ தண்ணி.”

“ஏன் அண்ணை வீட்டை விக்கிறீங்கள்?” என்று கேட்டேன்.

“போன மாசம் ஒருநாள் விடிய எழும்பிப் பாத்தால், பனியில சப்பாத்துத் தடம். வாசல்ல இருந்து தண்ணிக்குப் போகுது, திரும்பி வரேல்லை. தீயணைப்புக்காரர் வந்து தேடினவை. உள்ளுக்கு ஒருத்தரும் இல்லை.”

கணவர் சிரித்தார். “ஆரும் பகிடிக்குச் செய்திருப்பினம்.”

“நானும் அப்பிடித்தான் நினைச்சன், தம்பி. பிறகு என்ர சப்பாத்தை அந்தத் தடத்தில வைச்சுப் பாத்தன். அளவாயிருந்தது.”

அதன்பிறகு யாரும் விலை பேசவில்லை. நாங்கள் புறப்பட்டபோது, “இண்டைக்கும் பனி கொட்டுமாம். தேத்தண்ணி குடிச்சிட்டு ஆறுதலாப் போங்கோவன்” என்றார்.

வேறொருவரைச் சந்திக்க டெர்மின் இருப்பதாகக் கணவர் சொன்னார். கார் திரும்பும்வரை அவர் வாசலிலேயே நின்றார்.

நாங்கள் அந்த வீட்டை வாங்கவில்லை. ஆனால் பனி விழும்போதெல்லாம், வேறு யாராவது அதை வாங்கி, அவர் அங்கிருந்து போயிருக்க வேண்டுமே என்று கடவுளை வேண்டிக்கொள்கிறேன்.