பதினொரு கிலோ

செயற்கைக்கோள் செய்யும் நிறுவனத்தில் அவளுக்கு 'கிராம் அக்கா' என்று பெயர். ஒரு ஸ்க்ரூ கூடினாலும் மல்லுக்கு நிற்பாள். எந்தப் பாகத்தை எந்தப் பொருளில் செய்தால் செலவு குறையும் என்று பார்த்துச் சொல்வதுதான் அவள் வேலை.

அவளுடைய அண்ணன் லேத் பட்டறைக்காரர். செயற்கைக்கோளுக்குள் கருவிகளைப் பிடித்து நிறுத்தும் அலுமினியத் தாங்கிகளை ஆறு வருடமாக அந்த நிறுவனத்துக்குக் கடைந்து கொடுத்தவர்.

சென்ற ஆண்டு அவள் போட்ட கணக்கில் அலுமினியம் தோற்றது. கார்பன் இழைத் தகடு எட்டு மடங்கு விலைதான். ஆனால் எடையில் பதினொரு கிலோ குறையும். மேலே ஏற்றிக்கொண்டு போக ராக்கெட் கிலோவுக்குக் கேட்கும் கூலிக்கு முன்னால் அந்த எட்டு மடங்கு வெறும் தூசு. அறிக்கையில் கையெழுத்துப் போட்டாள். முடிவாகும்வரை வெளியே மூச்சுவிடக் கூடாது என்பது விதி.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்கு வந்தார். முகமெல்லாம் பல்.

"புது மெஷின் எடுக்கப் போறேன். உங்க ஆபீஸ் வேலை இருக்கிறவரைக்கும் எனக்கென்ன கவலை?"

"இப்பவே வாங்கணுமாண்ணா?"

"நீயும் உன் கணக்கும்! சும்மா இரு" என்று சிரித்தார். அவள் சும்மா இருந்துவிட்டாள்.

இயந்திரம் வந்து இறங்கிய மூன்றாம் வாரம் ஆர்டர் நின்றது. இனி கார்பன் தகடுதான் என்று நிறுவனம் அனுப்பிய கடிதத்தோடு அண்ணன் வந்தார்.

"எந்தப் புண்ணியவான் இப்படி எழுதிக் கொடுத்தான்னு விசாரிச்சுச் சொல்லும்மா."

"நான்தாண்ணா."

அண்ணன் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "கணக்கு சரிதானே?"

"சரிதான்."

"மெஷின் எடுக்கப் போறேன்னு சொன்னப்பவே உனக்குத் தெரியுமா?"

தலையாட்டினாள். விதி என்று சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. காரணம் சொல்லாமலே, 'கொஞ்சம் பொறுங்க' என்று கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். அவர் முகம் வாடுவதைப் பார்க்கத் தைரியமில்லாமல்தான் வாயை மூடிக்கொண்டாள் என்பது அவளுக்கே தெரியும்.

அண்ணன் புது இயந்திரத்தை கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார். இரண்டு ஆட்களை வேலையை விட்டு நிறுத்திவிட்டு, தண்ணீர் பம்புக்கு உதிரிபாகம் செய்கிறார். வீட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை, கோபமும் காட்டவில்லை. ஆனால் பட்டறைச் சமாசாரம் எதையும் இப்போது அவளிடம் சொல்வதில்லை. அண்ணி வாய்தவறிச் சொன்னால்தான் உண்டு.

செயற்கைக்கோள் நல்லபடியாக மேலே போனது. எல்லாரும் கைதட்டினார்கள், அவளும் தட்டினாள். மாலையில் அண்ணன் போன் செய்தார்.

"டிவியில பார்த்தேன். நல்லா போச்சு போல."

அவள் வாய் திறப்பதற்குள், "சரிம்மா, வேலை கிடக்கு" என்று வைத்துவிட்டார்.