மதியம் இரண்டு பத்துக்கு

பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஒருநாள் மதியம் தனியாகத் தூங்கிப் பார்க்கட்டும். இது நடந்தது. எனக்கு அல்ல, நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் ராத்திரி ஷிப்ட் பார்க்கும் ஒருத்திக்கு. அவள் பொய்யே சொல்லாதவள் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். அண்ணியிடம் வாரத்துக்கு நாலு பொய்யாவது சொல்லியிருப்பாள். ஆனால் நேரத்தை மட்டும் ஒரு நிமிடம்கூட மாற்றிச் சொல்லத் தெரியாது. வேலை அப்படி. ஆபரேஷன் முடிந்து வரும் கத்தரி, கத்தி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, துணியில் சுற்றி, நீராவி மெஷினுக்குள் அடுக்க வேண்டும். எத்தனை மணிக்கு உள்ளே போனது, எத்தனை மணிக்கு வெளியே வந்தது என்று எழுத வேண்டும். அதனால் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயரே ‘ஆவி அக்கா’.

வயது முப்பத்திரண்டு. அப்பாவும் அம்மாவும் போன பிறகு பதினோரு வருடம் அண்ணன் வீட்டில் இருந்தாள். காலை ஏழரைக்கு வந்து ஹாலில் பாயை விரிப்பாள். பிள்ளைகள் அவள் காலைத் தாண்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும். அண்ணி டிவியைப் போடுவாள். மிக்ஸி ஓடும். பகலில் ஒருத்தி இப்படிப் படுத்துக் கிடந்தால் வீடு எப்படி விளங்கும் என்று அண்ணி சுவரைப் பார்த்துக் கேட்பாள். ஊருக்கெல்லாம் நியாயம் பேசும் அண்ணன் வாய், தங்கை விஷயத்தில் மட்டும் திறக்காது.

தூக்கம் கெட்டு, ஒருநாள் கழுவாத கத்தரிக் கட்டு ஒன்றைக் கழுவியதோடு சேர்த்து வைத்துவிட்டாள். ஹெட் நர்ஸ் பார்த்ததால் தப்பித்தது. எல்லோர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கே வீடு தேட ஆரம்பித்தாள்.

ஏழு வீடு பார்த்தாள். ஏழிலும் ஒரே கேள்வி. கூட யார் இருப்பார்கள்? வீட்டுக்காரர் என்ன செய்கிறார்? யாரும் இல்லை என்றதும் முகம் மாறும். எட்டாவது வீட்டின் சொந்தக்காரர் ஒன்றுமே கேட்கவில்லை. சாவியைக் கையில் கொடுத்தார். இதற்கு ஒரே சாவிதான், தொலைத்துவிடாதீர்கள் என்றார். அவ்வளவுதான்.

அண்ணனிடம் சொன்னபோதுதான் அவன் வாய் திறந்தது.

"போறதுன்னா போ. ஆனா அழுதுக்கிட்டு இங்க வந்து நிக்காத."

மூன்றாவது மாடி. ஒரு அறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை. ஜன்னலைத் திறந்தால் ஏதோ கிடங்கின் பின்சுவர். வெளிச்சம் கிடையாது. சத்தம் கிடையாது. பகலில் தூங்குகிறவளுக்கு வேறென்ன வேண்டும்? பழைய இரும்புக் கட்டில் ஒன்றும் ஒரு மெத்தையும் வாங்கிப் போட்டாள். முதல் நாள் காலை எட்டு மணிக்குப் படுத்தவள் மாலை நாலரைக்குத்தான் எழுந்தாள். எழுந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். சந்தோஷம்தான் என்று என்னிடம் சொன்னாள்.

நாலாம் நாள்.

அரைத்தூக்கத்தில் கதவில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. செருப்பைக் கழற்றிவிடும் சத்தம்... ஒன்று, பிறகு இன்னொன்று. பக்கத்து வீடாக இருக்கும் என்று நினைத்தாள். கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு பத்து. மறுபடி தூங்கிப்போனாள்.

எழுந்தபோது காலில் போர்வை இருந்தது.

அவள் போர்த்திக்கொள்வதில்லை. வெள்ளைப் போர்வை மடித்தபடி தலைமாட்டில் இருக்கும். இப்போது பாதங்களை மூடி, ஓரங்கள் மெத்தைக்கு அடியில் செருகியிருந்தன. தூக்கத்தில் தானே இழுத்திருக்கலாம். ஆனால் தூங்குகிறவள் மெத்தைக்கு அடியில் எப்படிச் செருகுவாள்?

மறுநாளும் இரண்டு பத்து. சாவி. செருப்பு. எழுந்தபோது போர்வை முழங்கால் வரை.

கேட்டால் சிரிப்பீர்கள். முதலில் அவளுக்குப் பயமே வரவில்லை. பதினோரு வருடத்தில் அவளுக்கு யாரும் போர்த்திவிட்டதில்லை. ஜுரத்தில் கிடந்தபோதுகூட இல்லை. யாராக இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும் என்றுகூட ஒருநாள் தோன்றியதாம். இதைச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அப்புறம் போர்வை இடுப்புக்கு வந்தது.

அவள் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டாள். சாவி திரும்பிய சத்தம் கேட்டது. எழுந்து பார்த்தால், தாழ்ப்பாள் போட்டது போட்டபடி. போர்வை வயிற்றில்.

போர்வையைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடிவிட்டுப் படுத்தாள். எழுந்தபோது ஜிப் மூடியே இருந்தது. பை காலி. போர்வை நெஞ்சில்.

யாரிடம் சொல்வது? ஆஸ்பத்திரியில் சொன்னால், ஆவி அக்கா வீட்டுக்கே ஆவி வந்துவிட்டதா என்று வருடக்கணக்கில் சிரிப்பார்கள். அண்ணனிடம் சொல்வதற்குச் சாகலாம். வேறு வீடு? இன்னும் ஏழு பேரிடம் போய், எனக்கு யாரும் இல்லை என்று சொல்ல வேண்டும்.

பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

இருபத்தைந்தாம் நாள். போர்வை கழுத்து வரை. மோவாய்க்குக் கீழே ஒரு சுருக்கம்கூட இல்லாமல் நேராக...

இருபத்தாறாம் நாள் வியாழக்கிழமை. யார் என்று பார்த்துவிடுவது என்று தீர்மானித்தாள். தூங்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தபடி மல்லாந்து படுத்திருந்தாள்.

இரண்டு எட்டு.

இரண்டு ஒன்பது. தெருவில் ஒரு வண்டி போனது. பிறகு எதுவுமே இல்லை.

இரண்டு பத்து.

சாவி... க்ளக்.

கதவு திறக்கவில்லை. தாழ்ப்பாள் அசையவில்லை. அவள் கண்ணால் பார்த்தாள்.

செருப்பு. ஒன்று. இன்னொன்று.

வெறுங்கால் தரையில் நடந்து வரும் சத்தம். யாரும் இல்லை. தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய் வாசனை.

எழ நினைத்தாள். உடம்பு எழவில்லை.

போர்வை தானாக விரிந்தது. கால்... முழங்கால்... இடுப்பு.

நெற்றியில் ஒரு கை. கண்ணுக்குத் தெரியாத கை. ஜில்லென்று இல்லை. சூடாக இருந்தது. விரல் நுனிகள் சொரசொரப்பாக இருந்தன. ஜுரம் பார்ப்பதுபோல அழுத்தியது. மூக்கின் கீழே வந்து நின்றது.

அங்கேயே நின்றது.

அப்புறம் போர்வை மேலே ஏறியது.

கழுத்து.

வாய்.

கண்.

வெள்ளை...

அந்த வெள்ளைக்கு வெளியே ஒரு பெண் அழுதாள். அக்கம்பக்கம் கேட்டுவிடக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு அழும் அழுகை.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. செருப்புச் சத்தம் போனது. சாவி திரும்பியது. உடம்புக்கு உயிர் வந்தது. போர்வையைக் கிழிப்பதுபோல இழுத்தெறிந்தாள். கடிகாரம் இரண்டு இருபத்தொன்று.

வெறுங்காலோடு மூன்று மாடியும் இறங்கி ஓடினாள்.

வேறெங்கே ஓடுவாள்? அண்ணன் வீட்டுக்குத்தான். கதவைத் திறந்த அண்ணி அவள் காலைப் பார்த்தாள், வழிவிட்டாள். அண்ணன் சாயங்காலம் வந்து, "சொன்னேன்ல" என்றான். அதோடு சரி. என்ன நடந்தது என்று இருவரும் கேட்கவில்லை. ஹாலில் அவள் பாய் விரிக்கும் மூலையில் புது வாஷிங் மெஷின் நின்றது. சமையலறையில் படுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை சாவியைத் திருப்பிக் கொடுக்க வீட்டுச் சொந்தக்காரரின் வீட்டுக்குப் போனாள். அவர் இல்லை, மனைவி இருந்தார். முன்னறையில் ஒரு கட்டில். அதில் அறுபது வயதிருக்கும் ஒரு பெண்மணி, பக்கவாதத்தில் அசையாமல் கிடந்தார். தன் நாத்தனார் என்றார் மனைவி. அந்த மூன்றாம் மாடி வீட்டில் முன்பு இருந்தது இவரும் இவர் மகளும்தானாம். மகள் எட்டு மாதம் படுத்த படுக்கை. அம்மாவுக்குப் பக்கத்துத் தெருவில் துணி தைக்கும் கம்பெனியில் வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்து, மகளுக்குப் போர்த்திவிட்டு ஓடுவார். ஒருநாள் அப்படி வந்து பார்த்தபோது மகளுக்கு மூச்சு இல்லை.

அது நடந்து இரண்டு வருடம். அன்றைக்கு விழுந்தவர்தான், இந்தக் கட்டிலைவிட்டு இறங்கவில்லை.

அவள் சாவியை மேஜையில் வைத்தாள். மனைவி, யாரிடமாவது சொல்ல வேண்டும் என்பதுபோலச் சொல்லிக்கொண்டே போனார்.

"ஒரு மாசமா புதுசா ஒண்ணு. தினமும் மதியம் ரெண்டு மணி தாண்டினா, பொண்ணைப் பார்த்துட்டு வந்துடறேன்னு சொல்லிட்டுக் கண்ணை மூடிக்குவாங்க. பத்து நிமிஷம் கட்டை மாதிரி கிடப்பாங்க. கிள்ளினாக்கூடத் தெரியாது. போன வியாழக்கிழமை முழிச்சதும் ஒரே அழுகை. முகத்தை மூடிட்டு வந்துட்டேன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் போகல."

போர்வை முகம் வரை வந்ததை அவள் அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

கட்டிலில் இருந்தவர் தலையை மட்டும் மெல்லத் திருப்பினார். அவளை மேலும் கீழும் பார்த்தார். யாரோ வேற்றாளைப் பார்க்கும் பார்வை.

"இது யாரு?"

"நம்ம மூணாம் மாடி வீட்ல குடியிருந்த பொண்ணு, அண்ணி."

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"பொய் சொல்லுது. நான் தினம் போயிட்டு வந்தேனே. அங்க என் பொண்ணு மட்டுந்தான் இருந்தா."