சுகமாகவில்லை என்று அக்கா சொன்ன சாட்சி

எங்கள் அக்கா ஆண்டவருக்குள் இளைப்பாறச் சென்று ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் சபையாருக்கும் தம்பியின் வணக்கம். நான் முன்கோபி என்பது உங்களுக்குத் தெரியும். எல்லாம் தேவ சித்தம் என்று சொல்லி என் தோளைத் தட்டுகிறவர்களைக் கண்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனாலும் அக்காவைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் இல்லை.

அக்கா பிறந்தது திருவிடைமருதூருக்குப் பக்கத்துக் கிராமத்தில். அப்பா அந்த ஊர் ஆலயத்தைப் பெருக்கி, மணியடித்து, விளக்கேற்றும் கோயில்பிள்ளை. அப்பா மாரடைப்பில் திடுமென்று போனபோது அக்கா பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். படிப்பை நிறுத்திவிட்டு அம்மாவோடு நடவுக்கும் களையெடுப்புக்கும் போனார். நான் படித்தது அந்தக் கூலியில்தான். பிறகு பாபநாசம் பக்கம் வாழ்க்கைப்பட்டார். அத்தான் குத்தகை நிலத்தில் சம்பா போட்டார். அக்கா சத்துணவுக் கூடத்தில் சமைத்தார்.

பிறந்த ஒரே பிள்ளை தொட்டிலுக்கு வருமுன்பே போய்விட்டது. அந்தத் துக்கம் ஆறுவதற்குள், கதிர் முற்றிய சமயத்தில் அடைமழை பிடித்து வயல் முழுகியது. சாய்ந்த நெல் கதிரிலேயே முளைத்துவிட்டது. "உன் ஆண்டவர் இன்னும் என்னக்கா மிச்சம் வச்சிருக்காரு?" என்று கத்தினேன். "கோவத்த அவருகிட்டயே சொல்லு. என்கிட்ட ஏன்டா காட்டுற? கை கழுவிட்டு வந்து சாப்புடு" என்றார். அக்கா எனக்குச் செய்த பிரசங்கம் மொத்தமே அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு மார்பில் கட்டி வந்தது. தஞ்சாவூரில் அறுவை செய்தார்கள், கீமோ கொடுத்தார்கள். முடியெல்லாம் கொட்டியது. தேறி வருகிறார் என்று நினைத்திருந்தபோது முதுகுவலி தொடங்கியது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் எங்கள் மூவரையும் உட்கார வைத்து, எலும்புக்குப் பரவிவிட்டது, இனி வலியைக் குறைக்கத்தான் முடியும் என்றார். அத்தான் பேயறைந்தவர் மாதிரி எழுந்து வெளியே போய்விட்டார்.

அந்த வாரம் ஒரு ஜெபக்கூட்டத்தில் வெளியூரிலிருந்து பிரசங்கிக்க வந்த ஊழியர் ஒருவர் அத்தானிடம், "சுகமாயிட்டுதுன்னு விசுவாசிச்சு முன்கூட்டியே நன்றி சொல்லிடுங்க, கட்டாயம் நடக்கும்" என்று சொல்லியிருக்கிறார். அத்தான் யாரிடமும் சொல்லாமல், நன்றிக்கான காரணத்தை உறைமேல் எழுதி ஸ்தோத்திரக் காணிக்கை செலுத்திவிட்டார். ஞாயிறு ஆராதனையில் போதகர் அதை வாசித்தார். புற்றுநோயிலிருந்து பூரண சுகம் தந்ததற்காக! சபை முழுவதும் அல்லேலூயா என்றது. "சகோதரி முன்னால வந்து சாட்சி சொல்லலாமே" என்று போதகரும் மனமகிழ்ந்து அழைத்தார்.

அக்கா என்ன சொல்வார்? ஆமாம் என்றால் ஆலயத்தில் நின்று பொய் சொன்னதாகும். இல்லை என்றால் கட்டிய கணவரின் மானம் சபை நடுவில் போகும். அத்தான் கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுதார். அக்கா தலையில் கட்டிய துணியைச் சரிசெய்துகொண்டு, பெஞ்சுகளைப் பிடித்துப் பிடித்து முன்னே போனார்.

"எனக்கு சுகமாகல. எலும்புக்குப் பரவிடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. எங்க வீட்டுக்காரர் பொய் சொல்லணும்னு செய்யல. நான் போயிடுவேனோன்னு பயந்து குடுத்த காணிக்கை அது. அது அங்கயே இருக்கட்டும். நான் வலியில கத்துறப்ப ஆண்டவர் எங்கன்னு நானும் கேட்டிருக்கேன். பதில் வரல. ஆனா நான் தனியா இல்லன்னு மட்டும் தெரியுது. அதுக்கு நன்றின்னு எழுதிக்குங்க."

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, "விசுவாசம் பத்தல, அதான்" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. நான் திரும்பினேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்.

அத்தான் அன்று சாப்பிடவில்லை. "எல்லார் முன்னாடியும் என்னையப் பொய்யனாக்கிட்டியே" என்று மட்டும் கேட்டார். அக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஏங்க, நான் ஆமான்னு சொல்லியிருந்தா இன்னிக்கு எல்லாரும் சந்தோஷமாத்தான் போயிருப்பாங்க. நாளைக்கு நான் செத்ததும் என்ன சொல்லுவாங்க? புருசனுக்கு விசுவாசம் பத்தல, அதான் பொண்டாட்டி போயிட்டான்னு உங்களத்தானே சொல்லுவாங்க? நீங்களும் அத நம்பிடுவீங்க. அந்தப் பழியில உங்களத் தனியா விட்டுட்டு நான் எப்படிங்க போவேன்?"

அத்தான் அக்காவின் மடியில் முகம் புதைத்து அழுதார். நான் கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

அக்கா அமைதியாகக் கண்மூடினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மை அதுவல்ல. கடைசி வாரம் வலியில் துடித்தார், ஜெபிக்கவும் தெம்பில்லை. "நீங்க ஜெபம் பண்ணுங்க, நான் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்று அத்தானிடம் சொல்லிவிட்டுப் படுத்திருப்பார். வாய்க்காலில் தண்ணீர் வந்த சமயம், ஒரு காலையில் மூச்சு நின்றது. ஏன் எங்கள் அக்கா என்று நான் இன்றும் ஆண்டவரிடம் சண்டை போடுகிறேன். சண்டை போடவாவது அவரிடம் போகிறேனே என்று அக்கா சிரித்திருப்பார்.

வலிக்கு மருந்து கொடுத்த மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும் எங்கள் நன்றி. அந்த ஞாயிறுக்குப் பிறகு, தங்கள் வீட்டில் தீராமல் கிடந்த துயரங்களைச் சொல்லி அழ அக்காவிடம் வந்து, அப்படியே தங்கி அவரைக் குளிப்பாட்டி, துணி துவைத்துப் போட்ட பெண்களுக்கு நன்றி. பந்தலுக்கு ஓடியாடிய தெருக்காரர்களுக்கும், குழி வெட்டிய தம்பிகளுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும் நன்றி.

இன்னொரு நன்றியும் உண்டு. இந்த ஓராண்டில் அத்தானின் முகத்துக்கு நேரேயோ முதுகுக்குப் பின்னாலோ, அவர் விசுவாசம் போதாமல்தான் அக்கா போனார் என்று உங்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. அத்தான் ஞாயிறுதோறும் தலை நிமிர்ந்து ஆலயத்துக்கு வருகிறார்.